20 மில்லிநொடி முதல் 8 மணி நேரம் வரை

வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டில் மின்னழுத்தம் ஒவ்வொரு நொடியும் நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுகிறது. நமக்கு வருவது 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம். 230 வோல்ட் என்று சொல்வது ஒருவகைச் சராசரிதான். உண்மையில் அது 325 வோல்ட் வரை ஏறி, பூஜ்யத்துக்கு இறங்கி, எதிர்த்திசையிலும் அதே அளவுக்குப் போய்த் திரும்புகிறது. ஒரு சுற்றுக்கு 20 மில்லிநொடி. அதில் இரண்டு தடவை, ஒரு கணம், கம்பியில் அழுத்தமே கிடையாது. ஆனாலும் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டர் அணைவதில்லை. எழுத்து திரையில் தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

காரணம், கடைக்காரர்கள் எஸ்எம்பிஎஸ் என்று சொல்லும் பெட்டிக்குள் கட்டைவிரலைவிடத் தடிமனாக நிற்கும் ஒரு மின்தேக்கி. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, ஏறக்குறைய 380 வோல்ட்டில் அது பிடித்து வைத்திருக்கிறது. அலை இறங்கும்போது கொடுக்கிறது, ஏறும்போது நிரப்பிக்கொள்கிறது. நொடிக்கு நூறு தடவை நடக்கும் இந்த வேலைக்காகவே வைக்கப்பட்டிருப்பதால், நிஜமாகவே கரண்ட் போனாலும் கொஞ்ச நேரத்துக்கு அதனால் தாங்க முடிகிறது. முழுச் சுமையில் சுமார் 16 மில்லிநொடி தாங்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் மின்பெட்டிகளுக்கான வடிவமைப்புக் கையேடுகள் நெடுங்காலமாகக் கேட்டு வந்திருக்கின்றன. எழுத்து வேலைக்குக் கம்ப்யூட்டர் தன் முழுச் சக்தியில் சிறு பங்கைத்தான் இழுக்கும். ஆகவே வீட்டில் அந்த நேரம் இன்னும் கூடும். தகவல் தொழில்நுட்பக் கருவிகளுக்கு வகுக்கப்பட்ட ஐடிஐசி வரைகோடும், 20 மில்லிநொடி மின்சாரமே இல்லாவிட்டாலும் கருவி ஓட வேண்டும் என்கிறது.

யுபிஎஸ் வாங்கப் போகிறவர்களிடம் கடையில் முதலில் கேட்பது "எத்தனை விஏ?" என்பதுதான். எனக்கு அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறாகத் தோன்றுகிறது: எவ்வளவு நேரத்துக்கு? மின்தடை என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, கண் இமைக்கும் நேரத்தில் வந்து போகும் வெட்டு, பத்து நிமிட ஃபியூஸ் தகராறு, மின்வாரியம் முன்கூட்டியே அறிவித்துச் செய்யும் பகல் முழுவதுமான பராமரிப்பு வேலை ஆகிய மூன்றும் வெவ்வேறு பிரச்சினைகள். மூன்றுக்கும் ஒரே பெட்டி சரிப்பட்டு வராது. எதற்குப் பயந்து வாங்குகிறோம் என்று தெரிந்துகொண்டால் பணமும் மிஞ்சும்.

மில்லிநொடிகளிலிருந்து தொடங்குவோம். கரண்ட் போகும்போது யுபிஎஸ் பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அது ரிலே. பெட்டியின் மின்சுற்று எந்நேரமும் சுவரிலிருந்து வரும் அலையின் வடிவத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அலை எதிர்பார்த்த பாதையை விட்டு விலகினால், இது நிஜமான தடைதானா என்று உறுதி செய்ய இரண்டு மூன்று மில்லிநொடி. பிறகு ரிலேயின் உலோக நாக்கு ஒரு முனையை விட்டு மறு முனைக்குத் தாவ வேண்டும். அதற்கும் சில மில்லிநொடி. மொத்தத்தில் நாலிலிருந்து பத்துக்குள் முடிந்துவிடும். அந்த இடைவெளியில் கம்ப்யூட்டரைக் காப்பாற்றுவது யுபிஎஸ் அல்ல, அதே மின்தேக்கிதான். யுபிஎஸ் செய்வோரும் கம்ப்யூட்டர் செய்வோரும் ஒருவரையொருவர் கலந்து பேசாமலேயே, ஒன்றின் தாமதம் மற்றதின் பொறுமைக்குள் அடங்குமாறு செய்திருக்கிறார்கள். அதனால்தான் சாதாரண ஆஃப்லைன் யுபிஎஸ் பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமானதாக இருக்கிறது.

வீட்டு இன்வெர்ட்டரில் இந்த இடத்தில்தான் பலருக்குச் சிக்கல். இன்வெர்ட்டர் இருந்தும், ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி ஏறுகிறது என்பார்கள். இன்வெர்ட்டரின் முன்பக்கமோ பின்பக்கமோ ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும்: ஒருபுறம் யுபிஎஸ், மறுபுறம் நார்மல் அல்லது எக்கோ. நார்மலில் வைத்தால் அது 100 வோல்ட் முதல் 290 வோல்ட் வரை எதையும் அப்படியே உள்ளே விடும். மாறுவதற்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது போதும். யுபிஎஸ் நிலையில் சுமார் 180-க்குக் கீழோ 260-க்கு மேலோ போனாலே பேட்டரிக்கு மாறிவிடும், அதுவும் வேகமாக. பத்துப் பைசா செலவில்லாமல் தீரும் பிரச்சினை இது. குறைந்த வோல்டேஜ் நாள் முழுக்க இருக்கும் கிராமத்தில் மட்டும் யோசிக்க வேண்டும். அங்கே யுபிஎஸ் நிலையில் வைத்தால் கரண்ட் இருக்கும்போதே பேட்டரி கரைந்துபோகும். அப்படிப்பட்ட இடங்களுக்கு லைன் இன்டராக்டிவ் வகை நல்லது. அதற்குள் ஒரு மின்மாற்றி இருந்து, பேட்டரியைத் தொடாமலேயே வோல்டேஜை ஏற்றி இறக்கிச் சரிசெய்யும்.

ஆன்லைன் யுபிஎஸ் என்ற மூன்றாவது வகையில் மாறுதல் நேரமே கிடையாது. எல்லா மின்சாரமும் எந்நேரமும் நேர்மின்சாரமாகி, மறுபடி மாறுதிசையாகித்தான் வெளியே போகிறது. மருத்துவக் கருவிகளுக்கும் சர்வர் அறைகளுக்கும் அது தேவை. வீட்டு அலுவலகத்துக்கு அது பெரும்பாலும் வீண் செலவு என்பதே என் கருத்து: விசிறி ஓயாமல் இரையும், அறை சூடாகும், கரண்ட் இருக்கும்போதும் ஒரு பங்கு வெப்பமாகப் போய்க்கொண்டே இருக்கும்.

அலையின் வடிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது காதால் கேட்கக் கூடிய கணிதம். பழைய வகை இன்வெர்ட்டர் ஓடும்போது சீலிங் ஃபேன் 'ஊம்ம்' என்று உறுமும். கரண்ட் திரும்பி வந்ததைச் சிலர் கண்ணை மூடியபடியே சொல்லிவிடுவார்கள், அந்த உறுமல் நின்றுவிடுவதால். அந்த இன்வெர்ட்டர்கள் கொடுப்பது சதுர அலை: ஒரே தாவலில் மேலே, கொஞ்ச நேரம் அங்கே, ஒரே தாவலில் கீழே. பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜோசஃப் ஃபூரியே உலோகத்தில் வெப்பம் பரவுவதை ஆராய்ந்து 1822-இல் வெளியிட்ட நூலில், திரும்பத் திரும்ப வரும் வடிவங்களை மென்மையான சைன் அலைகளின் கூட்டாகப் பிரித்துக் காட்டினார். அவர் வழியில் சதுர அலையைப் பிரித்தால், 50 ஹெர்ட்ஸோடு 150 ஹெர்ட்ஸ் மூன்றில் ஒரு பங்கு வலிமையில், 250 ஐந்தில் ஒரு பங்கில், 350 ஏழில் ஒரு பங்கில் என்று ஒரு வரிசையே வெளிப்படும். ஃபேனைச் சுற்றவைக்க 50 ஹெர்ட்ஸ் ஒன்று போதும். மற்றவை சுருளுக்குள் புகுந்து இரும்புத் தகடுகளை அதிரவைத்து, சூடாக்கிவிட்டுப் போகின்றன. நம் காதில் விழும் உறுமல் அந்த மிச்ச அலைகளின் குரல்.

இப்போது வரும் 'பியூர் சைன் வேவ்' இன்வெர்ட்டர்கள் இதை அழகாகத் தீர்க்கின்றன. உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்களுக்குத் தெரிந்தது ஆன், ஆஃப் இரண்டுதான். ஆனால் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அவை ஆன், ஆஃப் ஆகும்போது, ஆனில் இருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைத்து, பின்னால் ஒரு வடிகட்டி வைத்தால் வெளியே வருவது வழுவழுப்பான சைன் அலை. கம்ப்யூட்டருக்கும் இது முக்கியம். சில புதிய எஸ்எம்பிஎஸ் பெட்டிகள் படிக்கட்டு வடிவ அலையைப் பார்த்தால் முரண்டு பிடித்து அணைந்துவிடும். ஆகவே புதிதாக வாங்குவதானால் சைன் வேவ் மட்டும்.

அடுத்தது நிமிடங்கள். 600 விஏ என்று எழுதியிருக்கும் சின்ன யுபிஎஸ் 600 வாட் கொடுக்காது. பெரும்பாலும் 360 வாட்தான் அதன் எல்லை. வாட் என்ன என்பதைப் பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் தேடிப் பாருங்கள். உங்கள் மேசை எவ்வளவு இழுக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், வாசலில் இருக்கும் மின் மீட்டரே போதும். எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அதன் முகத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். உதாரணமாக 3200 என்றால், ஒவ்வொரு மினுக்கலும் 0.3125 வாட்-மணி. ஃபிரிட்ஜ் முதற்கொண்டு வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரையும் திரையையும் மட்டும் ஓடவிட்டு ஐந்து நிமிடம் எண்ணுங்கள். முப்பத்தாறு தடவை மினுக்கினால் 11.25 வாட்-மணி, மணிக்குப் பன்னிரண்டு ஐந்து நிமிடங்கள், ஆக 135 வாட். எதை எந்தப் பெட்டியில் மாட்டுவது என்ற முடிவுக்கு இந்த எண்ணைவிட நம்பகமான அடிப்படை கிடையாது. லேசர் பிரிண்டரை மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள். மையைத் தாளில் உருக்கிப் பதிக்கும் அதன் உருளை சூடாகும்போது பல நூறு வாட்டை ஒரே இழுப்பாக இழுக்கும். சின்ன யுபிஎஸ் அந்தக் கணமே கத்திவிட்டு அணையும்.

அந்தச் சின்ன யுபிஎஸ்ஸின் உள்ளே இருப்பது கைக்கு அடக்கமான 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. பெருக்கினால் 84 வாட்-மணி. 135 வாட் மேசைக்கு அரை மணிக்கு மேல் வர வேண்டுமே என்று தோன்றும். புதிதாக இருக்கும்போதே பதினைந்து நிமிடம் தாண்டுவது அரிது. இந்தக் குறைவுக்கு ஒரு விதி உண்டு. 1897-இல் அதை வகுத்தவர் ஜெர்மானியரான வில்ஹெல்ம் பாய்கெர்ட். 7 ஆம்பியர்-மணி என்பது 20 மணி நேரம் நிதானமாக எடுத்தால் கிடைப்பது. வேகமாக உறிஞ்சினால் ஈயத் தகட்டின் நுண்துளைகளுக்குள் இருக்கும் அமிலம் சட்டென்று தீர்ந்துபோகும், வெளியிலுள்ள அமிலம் உள்ளே ஊறிவர நேரம் போதாது. பேட்டரி காலி என்று யுபிஎஸ் அணைந்துவிடும். ஆனால் ஒரு மணி நேரம் சும்மா விட்டுவிட்டுப் பார்த்தால், சார்ஜ் போடாமலேயே அதில் கொஞ்சம் உயிர் திரும்பியிருக்கும். அமிலம் ஊறி முடித்துவிட்டது, அவ்வளவுதான்.

ஈய பேட்டரி நம் வீடுகளில் இருக்கும் பொருள்களிலேயே மிகப் பழைய தொழில்நுட்பங்களில் ஒன்று. காஸ்டன் பிளாண்டே அதை உருவாக்கியது 1859-இல். ஒருபுறம் ஈயம், மறுபுறம் ஈய டைஆக்சைடு, நடுவே கந்தக அமிலம். மின்சாரம் கொடுக்கக் கொடுக்க இரண்டு தகடுகளும் ஈய சல்ஃபேட்டாக மாறுகின்றன, அமிலம் நீர்த்துப்போகிறது; சார்ஜ் ஏற்றினால் எல்லாம் பழையபடி திரும்புகிறது. ஒரு அறைக்கு ஏறக்குறைய 2 வோல்ட், ஆறு அறை சேர்ந்தால் 12. பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஆனால் ஏன் 2 வோல்ட் என்ற கேள்விக்குப் பதில் 2011-இல்தான் வந்தது. ராஜீவ் அஹுஜா, பெக்கா பியூக்கே உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் எழுதிய அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியை என்னால் பழைய கண்ணால் பார்க்க முடியவில்லை.

ஈயத்தின் அணுக்கருவில் 82 புரோட்டான்கள். அவ்வளவு நேர்மின்னூட்டத்துக்கு அருகே இருக்கும் உள்ளடுக்கு எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய அறுபது சதவீத வேகத்தில் ஓட வேண்டியிருக்கிறது. அந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல் விதிகள் கணக்கில் வந்தே தீரும். எலக்ட்ரானின் நிறை கூடினாற்போல் ஆகி, அதன் சுற்றுப்பரப்பு கருவை நோக்கிச் சுருங்குகிறது. இந்தச் சுருக்கம் வெளியடுக்கில் இருக்கும் ஒரு ஜோடி எலக்ட்ரான் வரை எட்டுகிறது. ஈயம் அந்த ஜோடியை விடாப்பிடியாக வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறது. ஈய டைஆக்சைடில் இருக்கும் ஈயமோ அந்த ஜோடியை இழந்து நிற்கிறது. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் வேட்கைதான் பேட்டரியின் மின்னழுத்தம். சார்பியல் விளைவை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால், ஒரு அறையின் 2.1 வோல்ட்டில் 1.7 அல்லது 1.8 வோல்ட் காணாமல் போகிறது என்று அவர்கள் காட்டினார்கள். 12 வோல்ட் பேட்டரியில் 10 வோல்ட் அளவுக்கு ஐன்ஸ்டைன் சொன்ன காரணத்தால் வருகிறது! தனிம அட்டவணையில் ஈயத்துக்கு நேர் மேலே இருக்கும் வெள்ளீயத்தை வைத்து இப்படியொரு பேட்டரி செய்ய முடியாமல் இருப்பதற்கும் இதுவே விளக்கம். ஐன்ஸ்டைன் சிறப்புச் சார்பியலை வெளியிட்டது 1905-இல். பிளாண்டேயின் பேட்டரி அதற்கு நாற்பத்தாறு ஆண்டு முன்பே அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது.

இந்த பேட்டரியின் பெரிய எதிரி நம் ஊர் வெயில். வேதிவினைகள் வெப்பத்தில் வேகம் கொள்ளும். 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. 25 டிகிரி அறையில் ஐந்து ஆண்டு என்று எழுதியிருக்கும் யுபிஎஸ் பேட்டரி, மே மாதத்துச் சென்னையில் மேசைக்கடியில் மூடிய மூலையில் கிடந்தால் இரண்டு மூன்று ஆண்டிலேயே உப்பிப்போவதில் வியப்பில்லை. அடுத்த எதிரி, காலியாகவே போட்டு வைப்பது. சல்ஃபேட் படிகங்கள் பெரிதாகி இறுகிவிட்டால் சார்ஜ் போட்டாலும் கரையாது. பெரிய டியூபுலர் பேட்டரியில் ஒவ்வொரு அறையின் மூடியிலும் ஒரு மிதவைக் குச்சி இருக்கும். அதன் சிவப்புக் கோடு வரை இறங்கினால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. சார்ஜ் ஏறும்போது அது ஹைட்ரஜன் வாயுவையும் விடும். மூடிய அலமாரிக்குள்ளும், விளக்கேற்றும் பூஜை மாடத்துக்கு அருகிலும் அதை வைக்காதீர்கள்.

இனி மணிக்கணக்கு. சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாமல் தவித்த 2012-ஐ மறந்திருக்க மாட்டோம்; அந்த ஆண்டுகளில்தான் 150 ஆம்பியர்-மணி பேட்டரி நடுத்தர வீடுகளில் ஒரு சாமானாக இடம்பிடித்தது. அதில் 1800 வாட்-மணி. டெஸ்க்டாப், திரை, பழைய சீலிங் ஃபேன், லைட், ரௌட்டர் எல்லாம் சேர்ந்து 250 வாட் என்றால், இன்வெர்ட்டரின் இழப்பையும் பாய்கெர்ட்டையும் கழித்து நாலரை மணி நேரம் கிடைக்கும். பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை நிறுத்தும் நாளில் மதிய உணவுக்குப் பின் அது தீர்ந்துவிடும். இன்னொரு பேட்டரி வாங்கலாம். ஆனால் டெஸ்க்டாப்புக்குப் பதில் 40 வாட் லேப்டாப், 75 வாட் ஃபேனுக்குப் பதில் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் என்று மாற்றினால் மொத்தம் 90 வாட்டுக்கு அருகே வந்துவிடும். சுமை மூன்றில் ஒரு பங்கு ஆகும்போது, நிதானமாக எடுப்பதால் பேட்டரி தன் முழுக் கொள்ளளவுக்கு அருகே கொடுக்கவும் செய்கிறது. கடைசிச் சொட்டு வரை இறக்காமலேயே எட்டு மணி நேரத்தைத் தாண்டலாம். பாய்கெர்ட்டின் விதி அவசரக்காரருக்கு அபராதம், பொறுமைசாலிக்குப் பரிசு.

லித்தியம் வாங்கலாமா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டுக்கு உகந்தது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. டெக்சாஸில் ஜான் குட்இனஃப்பின் குழு 1997-இல் அறிவித்த பொருள் அது. அந்தக் கட்டுரையில் பெயர் இடம்பெற்ற மற்ற இருவர் பாதி (Padhi), நஞ்சுண்டசாமி என்ற இந்திய ஆய்வாளர்கள். அதில் ஆக்சிஜனை பாஸ்பரஸ் இறுகப் பிடித்திருப்பதால் சூடானாலும் எளிதில் தீப்பற்றாது. பல ஆயிரம் தடவை ஏற்றி இறக்கலாம், வேகமாக எடுத்தாலும் கொள்ளளவு அதிகம் குறையாது. விலை அதிகம். வாரத்தில் பல நாள் கரண்ட் போகும் இடத்தில் இருப்பவர்களுக்கு அது கட்டுப்படியாகும். மாதத்துக்கு ஒரு தடவை போகும் நகரத்தில், டியூபுலர் பேட்டரியே இன்னும் நியாயமான தேர்வு.

கம்ப்யூட்டருக்கு இவ்வளவு பார்த்துவிட்டு நெட்டை மறந்துவிடுகிறோம். பழைய லேண்ட்லைன் ஃபோன் கரண்ட் போனாலும் பேசியது. எக்ஸ்சேஞ்சில் இருந்த 48 வோல்ட் பேட்டரி வரிசை செம்புக் கம்பி வழியாக நம் வீட்டுக் கருவிக்கும் மின்சாரம் அனுப்பியது. கண்ணாடி இழையில் ஒளிதான் வரும், மின்சாரம் வராது. ஆனால் அதற்குப் பதில் வேறொரு வரம் உண்டு. வீட்டுக்கு நேரடியாக வரும் ஃபைபர் இணைப்புகளில் பெரும்பாலானவற்றில், தெருவில் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிக்கு மின்சாரமே வேண்டாம். தெரு முழுக்க இருட்டாக இருந்தாலும் எக்ஸ்சேஞ்சில் பேட்டரி இருந்து, உங்கள் வீட்டு ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் உயிரோடிருந்தால் நெட் வரும். அந்த இரண்டும் சேர்ந்து கேட்பது 10, 15 வாட். ரௌட்டருக்கென்றே விற்கும் சின்ன 12 வோல்ட் லித்தியம் யுபிஎஸ் அதற்குச் சில மணி நேரம் தாராளமாகப் போதும். பேட்டரியின் நேர்மின்சாரத்தை மாறுதிசையாக்கி, அடாப்டரில் மறுபடி நேராக்கும் வீண் சுற்று அதில் இல்லை. லேப்டாப் தன் பேட்டரியைத் தானே சுமந்துகொண்டிருக்கிறது. ஆகவே லேப்டாப்பில் வேலை செய்பவர் முதலில் வாங்க வேண்டியது கம்ப்யூட்டர் யுபிஎஸ் அல்ல, இந்தச் சின்னப் பெட்டிதான். டெஸ்க்டாப்காரருக்குச் சேமித்துவிட்டு அணைக்கும் நேரத்துக்கு ஒரு 600 விஏ. நாள் முழுக்க உட்கார வேண்டியவருக்கு சைன் வேவ் இன்வெர்ட்டர், ஸ்விட்ச் யுபிஎஸ் பக்கம்.

ஆயுள் முடிந்த ஈய பேட்டரியைத் தெருவில் வரும் பழைய சாமான் வியாபாரி கொஞ்சம் கூடுதல் விலைக்கே கேட்பார். ஓட்டை போட்டு அமிலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, எங்கோ ஒரு கொட்டகையில் ஈயத்தை உருக்கும்போது அந்தப் புகை அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் ரத்தத்தில் போய்ச் சேரும். வளரும் மூளைக்கு ஈயம் செய்யும் கேடு திரும்பப் பெற முடியாதது. மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது வைத்திருக்கின்றன. முறையான உலையில் உருக்கினால் அதே ஈயம் இன்னொரு பேட்டரியாக வரும். புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, அதன் மதிப்பைப் பில்லில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.